கெண்டைக்கால் வலி

இன்னும் விடியவில்லை. அறுப்புக்கூடத்தின் பின்கட்டில், குடல் கழுவும் தொட்டிகளைச் சுற்றிச் சாணமும் மூத்திரமும் ரத்தமும் கலந்த தண்ணீர் முழங்காலை எட்டிக்கொண்டிருந்தது. சாக்கடை அடைத்து வெகுநாளாகிறது. ரப்பர் பூட்ஸின் மேல்வழியாகப் புகும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், காலில் குடத்தைக் கட்டியதுபோல் கனக்கும். அதனால் எல்லாரும் கம்பியைச் சுட்டுக் குதிகால் பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் வேலையே அதுதான்.

வாசற்படியில் நெட்டை தனியாக நின்றாள். உயரத்தால் வந்த பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். யாரும் "வா" என்று சொல்லவில்லை. அவள் மேல் படாமல் ஒதுங்கி இறங்கினார்கள். வீட்டிலும் அதே கதைதான். இங்கேயே வேலைசெய்யும் நாத்தனார், பிள்ளைகளை இவள் மடியில் உட்கார விடுவதில்லை.

நோய் தொடங்கிய அன்று அவளுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் இரண்டும் பிழிவதுபோல் வலித்தன. நாளெல்லாம் நிற்கிற இடத்தில் கெண்டைக்கால் வலிக்காதவர் யார்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். கண் சிவந்து, மூத்திரம் நின்று, முகம் வீங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. டயாலிசிஸ் செய்து மீட்டார்கள்.

எலி, மாடு போன்ற மிருகங்களின் மூத்திரத்திலிருந்து வரும் கிருமி, ஊறி வெடித்த தோல்வழியே ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்வதால் யாருக்கும் ஒட்டாது. ஆனால் அந்தத் தண்ணீரில் இனி இறங்கக் கூடாது. இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது.

வீட்டில் நாத்தனாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள்.

"டாக்டருக்கென்ன அண்ணி, அவரு பிள்ளைங்களா உங்க பக்கத்துல படுக்குது?"

இப்போது முதலாளி வாசற்படிக்கு வந்தார்.

"என்னம்மா, வேடிக்கை பார்க்கவா வந்தே?"

"அடைப்பை எடுத்தா இறங்குறேங்க."

"உன் வீட்டுல எலி இல்லையா? அங்க வந்த சீக்கை என் தலையில கட்டுறியா?"

"இந்தத் தண்ணிதான்னு டாக்டர் சொன்னாருங்க."

"நல்ல பூட்ஸா வாங்கிக் குடுத்தேன். ஓட்டை போட்டது யாரு, நானா? இறங்கு. இல்லேன்னா வீட்டுக்குப் போ. உன் தொட்டிக்கு ஆளா கிடைக்காது?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை.

அப்போது, மிருகங்களை அறுக்கும் கத்திக்காரர் தண்ணீரில் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"என்னண்ணே?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல. லேசாக் காய்ச்சல். கெண்டைக்கால்தான், முறுக்கிப் பிழியிற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் எண்ணெய்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "கண்ணைக் காட்டுங்க."

சிவந்திருந்தது.

"மூத்திரம் போகுதா?"

"பொம்பளைங்ககிட்ட பேசுற பேச்சா இது?"

"வெக்கப்படுற நேரமா? சொல்லுங்கண்ணே!"

"நேத்துலேருந்து... சரியா இல்ல."

கழுவும் சத்தம் நின்றது.

"அண்ணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"எங்க போனேன்? பயம்."

"நீங்க அவங்க பக்கமே போகல." நாத்தனாரின் குரல் இறங்கியது. "நாங்க யாருமே போகல."

"உடனே கூட்டிட்டுப் போங்க," என்றாள் நெட்டை. "என்ன வேலை, என்ன தண்ணின்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க."

இருவர் கத்திக்காரரைத் தாங்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் கையிலிருந்த குடலைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படியேறினாள். பின்னாலேயே ஒவ்வொருவராக ஏறினார்கள்.

"எல்லாரும் ஏறிட்டா யாரு கழுவுறது?" என்றார் முதலாளி.

"அடைப்பை எடுங்க. ஓட்டையில்லாத பூட்ஸ் போட்டுக்கிட்டே இறங்குறோம்," என்றாள் நாத்தனார்.

"இப்பவே வேற ஆளுங்களை இறக்குறேன் பாரு."

"இறக்குங்க. வர்றவங்ககிட்ட கத்திக்கார அண்ணன் கண்ணைப் பத்திச் சொல்றோம். அப்புறமும் இறங்குறாங்களான்னு பார்ப்போம்."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

குறுகலான படி. எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். நாத்தனாரின் ஈரத் தோள் மேலே பட்டதும், ஒதுங்கிப் பழகிப்போன நெட்டையின் உடம்பு தானாகவே ஓரத்துக்கு நகர்ந்தது.

"எங்க ஒதுங்குறீங்க அண்ணி, விழுந்துடப் போறீங்க," என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.