அண்ணன் சாப்பிட்டு முடிக்கும் வரை

அண்ணனுக்கு எங்கள் வீட்டில் ஆமை என்று பெயர். வைத்தவள் நான்தான். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, கழுவிய தட்டுகள் காய்ந்த பிறகும் அவன் முன்னால் பாதிச் சாப்பாடு இருக்கும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்லுவான். பிறகு ஒரு மிடறு தண்ணீர். "இவன் சாப்பிடறானா, தவம் பண்றானா?" என்பார் அப்பா. அம்மா மட்டும் ஒரு டம்ளர் பாலோடு அவன் எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

"இதைக் குடிச்சுக்கோ. வழுக்கிட்டு இறங்கிடும்."

அவன் வளர்ந்து லிப்ட் மெக்கானிக் ஆனான். நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இறைச்சித் துண்டு ஒன்று அவன் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. மூச்சு வந்தது, பேச்சும் வந்தது. எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. கிண்ணத்தில் துப்பிக்கொண்டே, "பதினாலு மாடி லிப்ட்டை இறக்கிடறேன், இதை இறக்க முடியல" என்றான். நான் சிரித்தேன். உடனே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மருத்துவமனையில் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டு எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் திரையருகே அழைத்துக் காட்டினார். அவன் உணவுக்குழாய் நெடுக வளையம் வளையமாக இருந்தது.

"சின்ன வயசுலயே மெதுவாத்தான் சாப்பிடுவாரா?"

"ஆமா டாக்டர். அவன் பழக்கமே அப்படின்னு நினைச்சோம்."

"பழக்கம் இல்லைங்க. சாப்பாடு இறங்கறது அப்பவே கஷ்டமா இருந்திருக்கும். அதுக்கேத்த மாதிரி அவரே ஒரு வழி பண்ணிக்கிட்டாரு."

பரிசோதனைக்காக உணவுக்குழாயில் கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகளின் முடிவு வந்த அன்று விவரமாகச் சொன்னார். ஏதோ ஓர் உணவை உடம்பு பகையாளியாக நினைத்து, இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களை உணவுக்குழாய்ச் சுவரில் குவித்திருக்கிறது. வருடக்கணக்கில் அழன்று அழன்று சுவர் தடித்து இறுகிவிட்டது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ள குடும்பங்களில் இது அதிகமாம். அப்பாவின் இழுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. காரணம் எந்த உணவு என்று தோல் பரிசோதனை சரியாகக் காட்டாது; நிறுத்திப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் பாலையும் கோதுமையையும் நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய், அழற்சி அடங்கியிருந்தது. கோதுமையைத் திரும்பச் சேர்த்தான், ஒன்றும் ஆகவில்லை. பாலைச் சேர்த்தான். அணுக்கள் படை திரட்டிக்கொண்டு வந்துவிட்டன.

முடிவை வாங்கிக்கொண்டு மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

"தினமும் பாலைக் குடுத்துக் குடுத்து..." என்று தொடங்கினேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றான் அண்ணன். "அந்தக் காலத்துல டாக்டருங்களுக்கே இந்த நோயைப் பத்தி அவ்வளவாத் தெரியாதாம். அம்மா என்ன பண்ணுவா, பாவம்."

"நானும் கேலி பண்ணேனே."

"நீ எதைத்தான் விட்டுவச்சே?" என் பக்கம் திரும்பினான். "ஒண்ணு தெரியுமா? நீங்கல்லாம் எழுந்து போனதும் அம்மா என்கிட்ட பேச ஆரம்பிப்பா. முக்கால் மணி நேரம், எனக்கே எனக்கு."

"என்ன பேசுவா?"

"டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்த கதை. அங்க பேச வர்றவங்க மாதிரி குரல் மாத்திப் பேசிக் காட்டுவா. மூக்கால பேசற வக்கீல் ஒருத்தர் உண்டு. சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறும்."

அம்மா அங்கே வேலை பார்த்தது எனக்குத் தெரியும். குரல் மாற்றிப் பேசுவாள் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா வாயைத் திறந்தால் 'படி', 'தூங்கு' இரண்டுதான். நாற்பது வயதில் அண்ணன்மேல் பொறாமை வந்தது.

"எங்க, செஞ்சு காட்டு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் இழுப்பான ராகத்திலேயே, "ஹலோ, நான்தான் பேசறேன். நான் பேசறது எனக்கே கேக்கல, கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க" என்றான்.

வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருத்தர் மாதிரி பண்ணு" என்றேன்.