கைதட்டாத சபை

இறுதிச் சடங்குக்கு எடுத்திருந்த சின்ன ஹாலில், இறந்துபோன அம்மாவின் சட்டைக் கழுத்துப் பட்டனை மகள் போட்டுக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்து நின்றார். நகரத்தின் ஓபரா இசைநாடக அரங்கை நடத்துபவர்; அம்மாவை வருஷக்கணக்காக அதன் வாசலில் அண்டவிடாதவர். கையில் பெரிய மலர்வளையம்.

"அம்மாவை எங்க மேடையில வெச்சு மரியாதை பண்ணலாம்னு இருக்கோம். ரேடியோவுலயும் நேரடியா போகும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க இசை ஞானத்தைப் பத்தி எவ்வளவு வேணா பேசலாம். அந்தக் கைதட்டல் விஷயம் மட்டும் வேண்டாம். ரேடியோக்காரங்க மனசு கோணும்."

மகள் அடுத்த பட்டனுக்குப் போனாள்.

அந்தக் கைதட்டல் விஷயம்தான் அம்மாவின் ஆராய்ச்சி, வாழ்க்கை எல்லாம். பழைய ஆட்சியில், பாடகர் ஒருவரைச் சிறையில் போட்ட மறுநாள் அந்த அரங்கில் ஓபரா நடந்தது. நாட்டின் தலைவர் முன்வரிசையில் இருந்தார். வானொலியில் கேட்டவர்களுக்கு, முடிவில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. சபையே தலைவருக்கு ஜால்ரா போட்டது என்று வரலாறும் எழுதியாகிவிட்டது. அம்மா அந்த ஒலிநாடாவை விடாமல் கேட்டாள். எதிரொலியை அளந்தாள். பாட்டு ஒலித்த இடம் வேறு, கைதட்டல் ஒலித்த இடம் வேறு என்று நிரூபித்தாள். அன்று சபை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைதட்டலை ஒட்டவைத்தது வானொலி நிலையம். புத்தகம் வந்தது, பல்கலைக்கழக வேலை போனது. "போனா போகுது, காது இருக்குல்ல," என்று சிரித்துவிட்டு வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் மகள். "அதை விட்டுட்டா அம்மாவைப் பத்திப் பேச என்ன இருக்கு? இங்கேயே நடக்கட்டும்."

"இந்தச் சின்ன ஹாலுக்கு யாரும்மா வரப்போறாங்க?"

"வர்றவங்க வரட்டும்."

அவர் வளையத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு வயதான பெண் உள்ளே வந்து அம்மாவின் காலருகே நின்றாள்.

"எங்கப்பா அன்னிக்கு அந்தச் சபையில இருந்தாரு," என்றாள். "கைதட்டினவன் மகள்னு பள்ளிக்கூடத்துல என்னைச் சீண்டுவாங்க. 'நான் தட்டலம்மா, யாருமே தட்டல'ன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு. நானே நம்பலை. உங்கம்மா புத்தகம் வந்தப்புறம்தான் அவர் படத்தை எடுத்துக் கூடத்துல மாட்டினேன்."



"எங்க தாத்தாவும் இருந்தாரு," என்றார் அவளுக்குப் பின்னால் நின்றவர்.

அவருக்கும் பின்னால், படிக்கட்டு நெடுக, தெரு வரைக்கும், நனைந்த குடைகளை மடக்கியபடி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மகள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பக்கத்து அறைக்குப் போய் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிவரத் தொடங்கினாள்.