மயிலா, காக்கையா

வட்டம் சாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றின் அறிக்கைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. எந்தத் தகவலைக் கையில் கொடுத்தாலும் அதை ஒரு வட்டமாக்கி, வண்ணம் பூசி, துண்டு துண்டாக வெட்டிக் காட்டாமல் விடமாட்டார். கேன்டீனில் எத்தனை பேர் டீ, எத்தனை பேர் காப்பி என்பதற்குக்கூட ஒருமுறை வட்டம் போட்டார் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அவரைக் கேட்டால் மறுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவரின் நாற்காலி இப்போது ஆடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு அவர் தேர்ந்தெடுத்த வரைபட மென்பொருள், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எதிரில், ஓடிக்கொண்டிருந்த லிப்டுகள் அனைத்தையும் நின்றுபோனவையாகக் காட்டி மானத்தை வாங்கிவிட்டது. முதலாளியம்மா அன்று கோபப்படவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"இந்தத் தடவையும் நீங்களே பார்த்து எடுங்க. இதுவும் சொதப்பினா, குடோன்ல உதிரிபாகம் எண்ண ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

குடோனில் ஜன்னல் கிடையாது. கணினி கிடையாது. வட்டம் போடுவதற்கு அங்கே நட்டும் போல்ட்டும் தவிர வேறெதுவும் கிடையாது.

கடைசிச் சுற்றில் இரண்டு மென்பொருள்கள் நின்றன. ஒன்று, திரை முழுவதும் நகரத்தை விரித்து, வண்ணம் வண்ணமாகச் சுழன்று காட்டும். மற்றொன்றில் கம்பங்களும் கோடுகளும் மட்டுமே. ஆனால் எந்தப் பழைய கைப்பேசியிலும் திறக்கும். முன்னதற்கு மயில் என்றும் பின்னதற்குக் காக்கை என்றும் பெயர் வைத்தவர் அவருடைய மனைவி. அவர் அதே நிறுவனத்தில் சர்வீஸ் சூப்பர்வைசர், மெக்கானிக்குகளுக்கெல்லாம் அக்கா. அவர் வைத்த பெயர்கள் ஒரே வாரத்தில் அலுவலகம் முழுவதும் பரவி, விற்க வந்தவர்களே அவற்றைச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டன.

தேர்வுக் கூட்டத்தன்று காலை, வட்டம் சார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார்:

"மயிலைத்தான் ஆட விடப் போறீங்களா?"

"முதலாளியம்மா பெரிய திரையில பார்க்கப் போறாங்க. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க வேணாமா?"

"கண்ணு குளிரணும்னா வெள்ளரிக்காய் வெச்சுக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் எதுக்கு?"

"உனக்கு ரசனையே கிடையாது."

"ரசனை இல்லாமதான் உங்களைக் கட்டிக்கிட்டேன். அதை விடுங்க. அந்த மூணு போட்டோ விதியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா? பசங்க திண்டாடுறாங்கன்னு போன வருஷத்துல இருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று தெளிவான, பெரிய புகைப்படங்கள் வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. அதைத் தம் வாழ்நாள் சாதனையாகவே அவர் கருதினார்.

"போட்டோ இல்லாத ரிப்பேர் ரிப்பேரே இல்ல" என்றார்.

"சட்டை கருகுது" என்றார் மனைவி.

கூட்டம் மேல்மாடியில் நடந்தது. சர்வீஸ் பிரிவின் சார்பில் மனைவியும் வந்திருந்தார். விளக்குகள் அணைந்தன, மயில் தோகை விரித்தது. திரையில் நகரம் எழுந்து நின்றது. எங்கெங்கே பழுது அதிகமோ அங்கங்கே சிவப்பு வட்டங்கள் பூத்தன. யாரோ "அடேயப்பா" என்றார்கள். வட்டம் சாரின் நெஞ்சு நிமிர்ந்தது. நடு நகரில் பழுத்த தக்காளியைப் போல ஒரு பெரிய வட்டம் உப்பியிருந்தது.

"நகரத்துலயே அதிகமா ரிப்பேர் ஆகுற லிப்ட் இதுதான் மேடம். இன்னும் பக்கத்துல போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லி அதை அழுத்தினார். தெருக்கள் விரிந்தன, கூரைகள் தெரிந்தன, கடைசியில் கட்டடத்தின் பெயரும் வந்தது.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இது நம்ம ஆபீஸ் இல்ல?"

"...ஆமா மேடம்."

"தினமும் நான் இந்த லிப்ட்லதான் வர்றேன். ஒரு நாளும் நின்னதில்லையே."

வட்டம் சார் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"உன் ஆளுங்க எங்க இருந்து ரிப்போர்ட் அனுப்புறாங்க?" என்று கிசுகிசுத்தார்.

"கேன்டீன்ல இருந்து." மனைவிக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. "போட்டோ ஒவ்வொண்ணும் அவ்வளவு கனம். லிப்ட் குழிக்குள்ள சிக்னல் ஏது? ரிப்பேரை முடிச்சுட்டு, வண்டியெடுத்துட்டு வந்து, நம்ம கேன்டீன் வைஃபைல அனுப்புறாங்க. எங்க இருந்து அனுப்புறாங்களோ அந்த இடம்தான் பதிவாகுது."

"மூணு போட்டோ யார் போட்ட விதி?" என்று கேட்டார் முதலாளியம்மா.

மனைவியின் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. கணவருடைய நாற்காலியைத் தன் கையால் கவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை என்பது வட்டம் சாருக்குப் புரிந்தது. "மெக்கானிக்குகளின் சோம்பேறித்தனம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி சர்வீஸ் பிரிவின் தலையில் விழும். ஜன்னல் அவருக்கே மிஞ்சும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"நான்தான் மேடம்."

முதலாளியம்மா எழுந்தார். "கீழ போய்க்கிட்டே பேசலாம், வாங்க ரெண்டு பேரும்."

மூவரும் லிப்டில் ஏறினார்கள். பாதி வழியில் அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"மயில் முன்கூட்டியே சொல்லிடுச்சு போல" என்றார் முதலாளியம்மா.

மனைவி மணியை அழுத்தினார். சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரு மெக்கானிக்கின் குரல் வந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான்டா, திற!"

"அக்காவா! பதிவு போட்டாச்சா? உள்ள இருந்தே மூணு போட்டோ அனுப்பிடுங்க, போட்டோ இல்லாத ரிப்பேர் ரிப்பேரே இல்லன்னு சார் சொல்லியிருக்காரே!"

முதலாளியம்மா வட்டம் சாரைப் பார்த்தார். "போடுங்க."

வட்டம் சார் கைப்பேசியில் கதவைப் படம் எடுத்தார். பொத்தான் பலகையை எடுத்தார். மூன்றாவதாக எதை எடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என் பக்கம் திருப்பாதீங்க" என்றார் முதலாளியம்மா.

கடைசியில் தம்முடைய செருப்பை எடுத்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"உங்களுக்குப் பிடிச்ச வட்டம்தாங்க. நல்லாப் பாருங்க" என்றார் மனைவி.

"சரி, அது சுத்துற வரைக்கும் மயிலைத் திறங்க" என்றார் முதலாளியம்மா. வெள்ளைத் திரை வந்து அப்படியே நின்றது. "காக்காவை?"

காக்கை தத்தித் தத்தி வந்தது. முதலில் கோடு, பிறகு கம்பம், பிறகு எண்கள். மூலையில் வரைபடம் என்று ஒரு சிறிய பொத்தான் இருந்ததை வட்டம் சார் அன்றுதான் கவனித்தார். அழுத்தினார். அலங்காரமில்லாத படத்தில் அதே கட்டடத்தின் மேல் அதே சிவப்புப் புள்ளி இருந்தது.

"இதுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு. நாமதான் கேக்கல" என்றார் முதலாளியம்மா.

"காக்காவையே எடுத்துக்கலாம் மேடம். மூணு போட்டோவும் வேணாம்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? கதவைத் திறக்க வேண்டியவன் கீழ இருக்கான்."

வட்டம் சார் குனிந்து, கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார்: "போட்டோ வேணாம்ப்பா! திற!"

கீழே ஒரு நிமிடம் யோசனை நடந்தது. "எழுத்துல கொடுத்துடுவீங்களா சார்?"

"டேய்!" என்றார் மனைவி. லிப்ட் நகர்ந்தது.

வெளியே வந்ததும் முதலாளியம்மா திரும்பி நின்றார். "அந்தச் சிவப்பு இந்தக் கட்டடத்தை விட்டுப் போகுதான்னு பார்க்கறேன். போகலைன்னா, நீங்க குடோனுக்குப் போகலாம்." சொல்லிவிட்டு, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

மெக்கானிக் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேன்டீன் பக்கம் நடையைக் கட்டினான்.

"எங்கடா போற?"

"ரிப்போர்ட் அனுப்பக்கா."

"இங்கயே நின்னு அனுப்பு."

அவன் நின்ற இடத்திலேயே இரண்டு வரி தட்டினான், போய்விட்டது. தன் கைப்பேசியை நம்ப முடியாமல் பார்த்தான். வட்டம் சாரின் கையிலிருந்த காக்கையில், அலுவலகத்தின் மேலிருந்த சிவப்புப் புள்ளி இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. அவர் பதறிப்போனார்.

"இப்பதானே சிவப்பு போகணும்னு சொன்னாங்க! இதை அழிச்சுடட்டுமா?"

மனைவி எட்டிப் பார்த்தார்.

"மத்ததையெல்லாம் அவங்கவங்க இடத்துக்கு மாத்துங்க, ரிப்போர்ட் சார். இதை மட்டும் விட்டுடுங்க. இந்த மொத்தச் சிவப்புலயும் இது ஒண்ணுதான் உண்மை."