மைனஸ் ஆயிரத்து நானூற்று நாற்பது

திருமுருகன் ஆராய்ச்சி மாணவனாகி ஏழு வருஷம் ஆகிறது. மரக்காணத்தில் அவனோடு பத்தாவது படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது, "இன்னும் பாஸ் ஆகலியா மாமா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். உண்மையைத்தான் கேட்கிறார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஏழு வருஷமும் ஒரு டிபன் டப்பா அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மோட்டார் எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்லும் பெட்டி. மோட்டார் தண்டில் ஒரு தட்டு. அதன் விளிம்பில் வாய் பிளந்த சின்னச் சின்னச் செப்பு வளையங்கள். பக்கத்தில் இரண்டு செப்புக் கோடுகள். அவற்றில் மைக்ரோவேவ் ஓடும். ஒவ்வொரு வளையமும் கோட்டைக் கடக்கும்போது அலையில் ஒரு வாய் கடித்துக்கொள்ளும். கடிகளை எண்ணினால் வேகம், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று. எந்தக் கோடு முதலில் கடிபடுகிறது என்று பார்த்தால் திசை: நேராகச் சுற்றினால் பிளஸ், தலைகீழானால் மைனஸ். எல்லாவற்றையும் மணியோடு பதிந்தும் வைக்கும். வெளிச்சத்தை வைத்து எண்ணும் கருவிகள் உப்பளத்தில் பத்தே நாளில் குருடாகிவிடும். இதற்கு உப்புத்தூசி ஒரு பொருட்டில்லை.

"மைக்ரோவேவுன்றியே, மீன்கொழம்ப சூடு பண்ணுமா?" என்று முதல் நாளே கேட்டாள், உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் லூர்துமேரி.

"பண்ணாதுக்கா."

"அப்ப எதுக்கு?"

பல்கலைக்கழகக் கமிட்டி கேட்டதும் இதே கேள்விதான். அவர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள்.

முப்பது நாள் உப்பளத்தில் ஓட்டிக் காட்டு, ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார் அவனுடைய கைடு ஜான்சி மேடம். இருபத்தெட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பெட்டிக்குள் ஒரு ஒயர் லேசாக ஆடியது. பற்றவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான். முப்பதாம் நாள் காலை வந்து பார்த்தால் பெட்டியின் திரையில் −1440.

மோட்டார் தலைகீழாக ஓடுமா? ஓடாது. ஒயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டோம் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினான். தன் கைமேல் அவனுக்கு அவ்வளவு அவநம்பிக்கை. பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய அரை நாள் ஆகும். மேடம் பத்து மணிக்கு வருகிறார். லேப்டாப்பைத் திறந்து, பெட்டியின் புரோகிராமில், திரையில் எண் காட்டும் வரியில் ஒரு மைனஸ் சேர்த்தான். மைனஸுக்கு மைனஸ் பிளஸ். எட்டாம் வகுப்புக் கணக்கு.

மேடம் வந்தார். +1440 பார்த்தார். பையிலிருந்து ஆய்வேட்டுக்கான பாரத்தை எடுத்தார்.

"எல்லாம் சரிதாம்மா, தண்ணிதான் நூலாட்டம் வருது" என்றாள் லூர்துமேரி. "ரெண்டு நாளா பாத்தி ரொம்பல. மோகனுக்கு போன் பண்ணியிருக்கேன்."

எலெக்ட்ரீசியன் மோகன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னா மோகனு?"

"ஒண்ணுமில்லக்கா. முந்தாநேத்து கேபிள் மாத்தினேன்ல, ரெண்டு ஒயரு இடம் மாறிப்போச்சு. மோட்டாரு ரிவர்ஸ்ல ஓடினுருக்குது."

"ரெண்டு நாளாவா?"

"மோட்டார் மேல அம்புக்குறி இருந்தா தெரிஞ்சிருக்கும். அத உப்பு துன்னுடுச்சு. நான் இன்னா பண்றது."

ஒயரை மாற்றி சுவிட்சைத் தட்டினார். குழாயில் தண்ணீர் தொடை கனத்துக்கு வந்து விழுந்தது. திரையில் −1440.

மேடம் பாரத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"ரிவர்ஸ்ல ஓடும்போது பிளஸ் காட்டிச்சு. நேரா ஓடும்போது மைனஸ். என்ன திரு இது?"

ஒயரைத் தப்பாகப் பற்றவைத்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அது சரியாகக் கேட்காது என்று தோன்றியதாலோ என்னவோ, உண்மையைச் சொன்னான்.

"காலையில மைனஸ்தான் காட்டிச்சு மேடம். நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு, டிஸ்பிளேல ஒரு மைனஸ் போட்டு மாத்திட்டேன்."

மேடம் லேப்டாப் பக்கம் திரும்பினார். "பதிவான டேட்டால கை வச்சியா?"

"இல்ல மேடம். பயத்துல அதைத் தொறந்துகூடப் பாக்கல."

"தொற."

திறந்தான். இருபத்தெட்டாம் நாள் ஒன்பது மணிக்கு, அவன் பற்றவைத்த பிறகும், பிளஸ். ஒன்பதரை, பத்து, பிளஸ். அப்புறம் சற்று நேரம் பூஜ்யம். பத்து நாற்பத்திரண்டுக்கு மைனஸ்.

"எத்தினி மணிக்கு கேபிள் மாத்தினீங்க மோகன்?" என்றார் மேடம்.

"பத்தரை, பத்தே முக்கா இருக்கும் மேடம்."

திருமுருகன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உன் பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு. அந்த ரெண்டு நாள்தான் உன் ஆய்வேட்டுலயே நல்ல பக்கம்" என்றபடி மேடம் பாரத்தை மறுபடி எடுத்து, ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அதையும் எழுதணும். நீ போட்ட மைனஸையும் எழுதணும்."

"அதுவுமா மேடம்?"

"அதுவும்தான். ஒரு பாரா."

மோகன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், அதுல என் பேரு கீரு போட்டுறாதீங்க."

"ஒரு எலெக்ட்ரீசியன்னு போட்டுக்கறேன்ணே. என் பேரத்தான் ஆய்வேட்டு அட்டையிலயே போட்டாவணும்."