ஒன்பதுக்கு மேலே ஒன்றாவது

பெரியவளின் கொழுந்தன் மனைவி போன வருடம் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்கியபோது, விற்றவரிடம் பேசிப் பேசியே ஒன்பது ரிப்பேர் செய்ய வைத்தாளாம். அவளே சொன்னாள். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளுக்கு என்ன சாமர்த்தியம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடினார். கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு முதலில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வீடு வாங்குவதில் மட்டும் இரண்டாவதா?

இப்போது அவள் முறை. பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அவளுடைய முதல் வாடகை வீடு. விலை பேசி முடித்து, பத்திரம் பதியும் முன் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து சோதிக்கச் சொன்னாள். அவர் சுவரைத் தட்டினார், குழாய்களைத் திருகினார், மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு குறை எழுதினார். பதினொன்று சில்லறை: ஒழுகும் குழாய், சாத்தாத ஜன்னல், ஆடும் சுவிட்சு, துருப்பிடித்த தாழ்ப்பாள், இந்த மாதிரி. பன்னிரண்டாவதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார். மாடித் தளத்தில் விரிசல், மழை தாங்காது.

விற்கிறவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் என்னால ஆகாதும்மா. தளத்தைப் பெயர்த்துப் புதுசா போட்டுத் தரேன். இல்லேன்னா மத்த பதினொண்ணையும் செஞ்சு தரேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தளம்னு சொல்லு," என்று கணவன் காதோரம் முணுமுணுத்தான்.

தளம் என்றால் ஒன்று. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிறவளுக்கு ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமியார் வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும், "எனக்கு ஒண்ணு" என்று சொல்லும் தன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பக்கத்திலேயே சின்னவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பதினொண்ணு," என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" டாக்டருக்கே பொறுக்கவில்லை.

"நல்லா யோசிச்சாச்சு."

கணவன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. பதினொன்றும் கச்சிதமாக முடிந்தது, பத்திரமும் பதிவானது. மறுநாள், குடிவருகிறவர்களுக்காக வீட்டைத் துடைக்கப் பெரியவள் தனியாக வந்தாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் கூடத்து நடுவில் சொட்ட ஆரம்பித்தது. வாளியைக் கொண்டுவந்து வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. சின்னவள்.

"பத்திரம் முடிஞ்சுதாமே அக்கா. எத்தனை ரிப்பேர் செஞ்சு குடுத்தாரு?"

"பதினொண்ணு." இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தாள்.

சின்னவளின் குரல் இறங்கி வந்தது. "உங்ககிட்ட மறைச்சு என்னக்கா. எனக்கு ஒண்ணுதான் செஞ்சாங்க. தளம் மட்டும். ஒன்பதுன்னு சும்மா அடிச்சு விட்டேன். அத்தை எதுக்கெடுத்தாலும் பெரியவ, பெரியவன்னு உங்களையே சொல்லுவாங்களா, எனக்குத் தாங்கலை."

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை வருடமாக இவளுக்கும் எரிந்துகொண்டிருந்ததா? தன்னைப் பார்த்தா? 'எனக்கும் அதேதான்டி' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"உங்க வீட்டுத் தளம் எப்படிக்கா?"

"அதையும் போட்டுக் குடுத்துட்டாரு. அதோட சேத்துப் பன்னெண்டு."

"அப்படியா," என்றாள் சின்னவள்.

அந்த 'அப்படியா'வில் இருந்த புகைச்சல் பெரியவளுக்கு நன்றாகப் பழகியது. வயிறு குளிர்ந்து போயிற்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சொட்டும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடாமல், தரை துடைக்கும் துணியை நாலாக மடித்து வாளிக்குள் போட்டாள்.