கொடி சாயும் பக்கம்

அன்புள்ள லூபென்,

நலம். உன் அம்மாவும் நலம். திராட்சைக் கொடியைக் காற்று ஒடித்துவிட்டது என்று அவர் உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருப்பார். அது உண்மையல்ல. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

உன் அப்பா வெல்கோ அந்தக் கொடியை வேலியோரம் நட்டபோது உனக்கு ஐந்து வயது. உங்கள் பக்கம் சிமெண்டுப் பாதை. குளிர்காலத்தில் பனி படாமல் கொடியைப் புதைத்து வைக்க அங்கே பள்ளம் தோண்ட இடமில்லை. அதனால் கம்பிவேலியின் கீழ்ப்பகுதியைத் திறந்து, கொடியை எங்கள் பக்கம் சாய்த்து, என் தோட்டத்துப் பள்ளத்தில் கிடத்தி மண் மூடலாம் என்று நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம். இருபத்தாறு குளிர்காலம் அது அப்படித்தான் டான்யூப் பனிக்குத் தப்பியது. வெல்கோ காலமான பிறகும், அக்டோபர் கடைசியில் வரும் புனித திமிதர் நாளுக்கு முன்பு நான் வேலியைத் திறந்து வைப்பேன். உன் அம்மா, அதாவது என் ஸ்டமென்கா அக்கா, மண்வெட்டியோடு வருவார்.

இந்த ஆண்டு நான் திறக்கவில்லை.

காரணத்தை எழுதக் கை கூசுகிறது. செப்டம்பர் கடைசியில் ஊர் வடிசாலையில் எல்லோரும் வரிசையில் நின்றோம். நான் காய்ச்சிய பிளம் சாராயத்தை அக்கா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்.

"நாய்டென், எனக்கு ஒரு பாட்டில் குடேன். ஜன்னல் துடைக்க நல்ல சரக்கே கிடைக்கல."

வடிசாலையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் சிரிக்கவில்லை.

அக்டோபர் இருபத்துநாலு, வியாழன் காலை, வேலித் திறப்பைப் புதுக் கம்பியால் பதினோரு இடத்தில் முறுக்கி அடைத்தேன். பத்து மணிக்கு அக்கா வந்தார்.

"என்ன இது, வேலிய தைச்சு வச்சிருக்க?"

"கோழி வருது அக்கா."

"யாரு கோழி? எங்கிட்ட கோழியே இல்லையே."

"ஏதோ ஒரு கோழி."

அவர் என் கையிலிருந்த குறட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஜன்னல் விஷயமா?"

"ஜன்னலுக்கும் இதுக்கும் என்ன? என் நிலம், என் வேலி."

"சரிப்பா. உன் நிலத்த நீயே கட்டிக்கிட்டு அழு. இன்னிக்கு ராத்திரி பனி கொட்டும்னு ரேடியோல சொல்லிட்டான். கொடிய நான் என் பக்கமே படுக்க வச்சுக்கறேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் ஒரே பக்கம் சாய்ந்து பழகிய அடிமரம் மறுபக்கம் வளையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஆப்பிள் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தேன். ஆறாவது மரத்தில் இருந்தபோது சத்தம் கேட்டது. காய்ந்த கிளை முறிகிற மாதிரி இல்லை. ஈரமாக, நீளமாக இருந்தது. சுண்ணாம்பு மட்டையைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஏழாவது மரத்துக்குப் போனேன்.

மதியம் என் மனைவி தீனா கடையிலிருந்து வந்தாள்.

"காத்துல கொடி ஒடிஞ்சுபோச்சுன்னு அக்கா கடையில சொல்லிட்டிருந்தாங்க. இன்னிக்கு எங்க காத்து? காலையில போட்ட துணி இன்னும் சொட்டுது."

நான் விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன்.

"நீங்க வேலிய அடச்சத அடுப்படியிலேருந்து பாத்தேன். சூப் ஆறுது, சாப்பிடுங்க."

ஒரு கரண்டிகூட உள்ளே போகவில்லை. கடையில் அத்தனை பேர் நடுவில் அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பதினோரு முறுக்கையும் வெட்டிவிட்டு அந்தப் பக்கம் போனேன். கொடி பாதைமேல் கிடந்தது. அதன்மேல் உன் அப்பாவின் பழைய மேல்கோட்டைப் போர்த்தியிருந்தார். அக்கா நிமிரவில்லை.

"ஜன்னல் துடைக்க எடுத்துட்டு வந்தியா?"

"மண்வெட்டி எடுத்துட்டு வந்தேன் அக்கா."

"கோழி என்னாச்சு?"

"கோழி இல்ல அக்கா."

"தெரியும்."

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடிமரம் பிளந்திருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒடிந்த பிறகு அது எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்தது. திறப்பு வழியாக எங்கள் பக்கம் கொண்டுவந்து, பள்ளத்தில் கிடத்தி, பிளவைச் சணலால் கட்டி, அதன்மேலும் மண் குவித்தோம். உள்ளே வேர் பிடித்தால் பிழைக்கும். பிடிக்காமலும் போகலாம்.

"லூபென்கிட்ட நான் சொல்லிடறேன்," என்றேன்.

"ஒண்ணும் வேணாம். அவன் கோடையில வந்து உன் சட்டையப் பிடிப்பான். காத்துன்னே இருக்கட்டும்."

"காத்தே அடிக்கலையே அக்கா."

"என் வயசுக்கு லேசா அடிச்சாலே பெரிய காத்துதான். பேசாம மண்ணத் தள்ளு."

அன்று மாலையே அவர் உன்னிடம் காற்று என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். மார்ச் கடைசியில் மண்ணை எடுப்போம். முடிந்தால் அப்போது வா. வேர் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், நீ சொல்வதைக் கேட்க வேலியருகே நிற்பேன். கொட்டகைக்குப் பின்னால் போகமாட்டேன்.

இப்படிக்கு,
நாய்டென்

பின்குறிப்பு: ஏழாவது ஆப்பிள் மரத்துக்குப் பாதிவரைதான் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். மரத்துக்கு அரைக்கால் சட்டை போட்டுவிட்டாய் என்று அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்கிறார். மீதியை அடிக்க இன்னும் மட்டையைத் தொடவில்லை.