நிற்கும் படங்கள்

எழுத்தாளருக்கு ஆறு பாகம் விண்வெளிக் கதை எழுதத் தெரிந்தது. ஒரு படத்தில் என்ன இல்லை என்று பார்க்கத் தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய கதையில் விண்கலத்தை ஓட்டும் கேப்டன் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். அது அவர் மகளின் நடை. மகளுக்குப் பதினொரு வயது. நாவல்கள் கார்ட்டூன் தொடராக வரப்போகின்றன என்று தெரிந்ததும், "கேப்டன் என்னை மாதிரிதான் நடப்பா, டிவில பாருங்க" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தாள்.

ஒளிபரப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது ஸ்டுடியோவில் முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினார்கள். கேப்டன் வந்தாள். விறுவிறுவென்று, நேராக, சிப்பாய் மாதிரி நடந்து போனாள். எழுத்தாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சார், அவ கால்..."

"கலத்துல இருக்குற எல்லாருக்கும் ஒரே நடைதான் சார்" என்றார் இயக்குநர். "ஒரு தடவை வரைஞ்சு வச்சுக்கிட்டு ஆளை மட்டும் மாத்துவோம்."

"புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கேனே!"

"உங்களைக் கேக்காம நாங்க ஒண்ணும் பண்ணலையே."

கோப்பைத் திறந்து காட்டினார். கேப்டன் முன்பக்கம், பக்கவாட்டில், பின்பக்கம். ஒவ்வொன்றின் கீழும் 'பிரமாதம்' என்று எழுத்தாளரின் கையெழுத்து. எல்லாம் நிற்கும் படங்கள். மூக்கைத் திருத்தச் சொன்னவர், சட்டைப் பட்டனை எண்ணிப் பார்த்தவர், இவள் எப்படி நடப்பாள் என்று மட்டும் கேட்கவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள்; இவர் கையெழுத்துப் போட்டுக் கெடுத்தார்.

"இப்ப மாத்த முடியாதா?"

"இருபத்தாறு எபிசோடும் முடிஞ்சுபோச்சு சார்."

கெஞ்சிப் பார்த்தார். கல்லில் நார் உரித்த கதைதான். இயக்குநர் கெட்டவரும் இல்லை, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவரைத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

"முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. நான்கு நாளும் மகளிடம் வாயைத் திறந்தார், மென்று விழுங்கினார். ஆறு பாகம் எழுதிய மனுஷனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை மகளோடு சோபாவில் இரண்டு தோழிகள். கேப்டன் கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தாள்.

"நேராத்தானே நடக்குறா?" என்றாள் ஒருத்தி.

மகள் கடைசிவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோழிகளை அனுப்பிவிட்டு உள்ளே போனாள். எழுத்தாளர் எழுந்து போகத் தைரியமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாய்ந்த காலடி அவரை நோக்கி வந்தது. மகள் ஆறு பாகத்தையும் சுமந்துகொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"கேப்டனுக்குக் கால் சரியாப்போன இடத்தை நான் படிக்காம விட்டுட்டேன்போல. எங்கேன்னு காட்டுங்கப்பா."